மைக்கேல் எங்கே? ‘ஹாலோவீன் எண்ட்ஸ்’ பார்த்தவர்களுக்குள் ஓயாத சண்டை

கேள்வி இதுதான்: “ஹாலோவீன் எண்ட்ஸ் படத்தைப் பாதிப் பேர் அந்தத் தொடரிலேயே படுமோசம் என்று திட்டுகிறார்கள். மீதிப் பேர் துணிச்சலான படம் என்று தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். ஒரே படத்துக்கு எப்படி இப்படி இரண்டு கருத்து? யார் பேச்சை நம்பிப் பார்ப்பது?”

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசிக் காட்சி வரை எல்லாவற்றையும் போட்டு உடைக்கப்போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள். இரண்டு மணி நேரம்கூட ஆகாது.

மைக்கேல் மையர்ஸ் என்ற முகமூடிக் கொலைகாரனும் அவனிடமிருந்து தப்பிய லோரி என்ற பெண்ணும் மோதும் ‘ஹாலோவீன்’ படத்தொடரில் 2022இல் வந்த படம் இது. நான் இதை முதல்முறை பார்த்தது என் சித்தி மகனோடு. முந்தைய இரண்டு படங்களும் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். முறுக்கு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, “இன்னிக்கு அந்தப் பாட்டி அவனை என்ன பண்ணுதுன்னு பாருங்க” என்று சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அரை மணி நேரம் ஓடியது. திரையில் ஒரு சுருள்முடிப் பையன் பழைய இரும்புக் கிடங்கில் வேலை பார்க்கிறான், ஊர்ப் பிள்ளைகளிடம் அடி வாங்குகிறான், ஒரு நர்ஸைப் பார்த்து வெட்கப்படுகிறான். சித்தி மகன் என் கையிலிருந்து ரிமோட்டை வாங்கி, படத்தை நிறுத்தி, மேலே ஓடும் பெயரைப் பார்த்தான். “அண்ணே, நாம சரியான படத்தைத்தான் போட்டோமா?”

நீங்கள் கேட்ட சண்டை முழுக்க அந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது. ஆனால் அவன் ஏன் அப்படிக் கேட்டான் என்று புரிய, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1978இல் ஜான் கார்பென்டர் சுமார் 3 லட்சம் டாலரில் எடுத்த சின்னப் படம்தான் முதல் ‘ஹாலோவீன்’. ஆறு வயதில் அக்காவைக் குத்திக் கொன்ற மைக்கேல் மையர்ஸ், 15 வருடம் கழித்து மனநலக் காப்பகத்திலிருந்து தப்பி, இல்லினாய் மாநிலத்தில் இருப்பதாகச் சொல்லப்படும் ஹாடன்ஃபீல்டு என்ற கற்பனை ஊருக்குத் திரும்புகிறான். அன்று ஹாலோவீன் இரவு, அமெரிக்கப் பிள்ளைகள் முகமூடி போட்டுக் கொண்டாடும் அக்டோபர் 31. குழந்தை பார்த்துக்கொள்ளப் போன லோரி ஸ்ட்ரோட் என்ற பள்ளி மாணவி அவனிடமிருந்து மயிரிழையில் தப்புகிறாள். லோரியாக நடித்தவர் ஜேமி லீ கர்டிஸ். மைக்கேல் போட்டிருக்கும் முகமூடி, கடையில் இரண்டு டாலருக்கும் குறைவாகக் கிடைத்த, ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரில் வரும் கேப்டன் கிர்க்கின் முகமூடி. அதற்கு வெள்ளை பூசி, கண் துளைகளைப் பெரிதாக்கினார்கள், அவ்வளவுதான். படத்தின் பெயர்ப்பட்டியலில் அந்த முகமூடி உருவத்துக்குப் பெயர்கூடக் கிடையாது, ‘தி ஷேப்’ என்று போட்டார்கள். வெறும் உருவம். எதற்காகக் கொல்கிறான் என்று படம் சொல்வதே இல்லை. அந்தப் படத்தின் பயம் அந்த வெற்றிடத்தில்தான் இருக்கிறது.

அதற்குப் பிறகு வந்த பாகங்கள் அந்த வெற்றிடத்தை எதையாவது போட்டு நிரப்பிக்கொண்டே இருந்தன. 1981இல் வந்த இரண்டாம் பாகம், லோரி அவனுடைய தங்கை என்றது. பிறகு சாபம், ரகசியக் கும்பல் என்று என்னென்னவோ வந்தது. 2018இல் டேவிட் கார்டன் கிரீன் என்ற இயக்குநர், எழுத்தாளர் டேனி மெக்பிரைடுடன் சேர்ந்து, ஒரே வீச்சில் எல்லாவற்றையும் துடைத்துப் போட்டார். 1978 படம் மட்டும் நடந்தது, மற்றதெல்லாம் நடக்கவே இல்லை. தங்கை உறவும் கிடையாது. நாற்பது வருடமாக வீட்டைக் கோட்டையாக்கி, துப்பாக்கிகளோடு அவனுக்காகவே காத்திருக்கும் பாட்டியாக லோரி திரும்பி வந்தார். ஒரு கோடி டாலரில் எடுத்த படம் உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் அள்ளியது. உடனே முத்தொகுப்பு ஆனது.

2021இல் வந்த ‘ஹாலோவீன் கில்ஸ்’ அதே இரவில் தொடர்கிறது. அதில் லோரி படம் முழுக்க ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருப்பார். மைக்கேலை நேரில் பார்ப்பதுகூட இல்லை. வெளியே ஊர்மக்கள் கும்பலாகச் சேர்ந்து, ‘இன்றிரவு தீமை சாகும்’ என்று கோஷம் போட்டுக்கொண்டு ஓடுவார்கள். (அந்தக் கோஷம் பிறகு கேலிப் பொருளாகிவிட்டது. படத்தில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணத் தொடங்கி நான் பாதியில் விட்டுவிட்டேன்.) கடைசியில் லோரியின் மகள் கேரனை மைக்கேல் குத்திக் கொல்வதோடு படம் முடியும்.

இந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கோபத்தின் விதை இங்கேதான் விழுந்தது. ஒரு படம் முழுக்க நாயகியைக் கட்டிலில் கிடத்திவிட்டு, மகளையும் கொன்றுவிட்டு, ‘கடைசிக் கணக்கு அடுத்த படத்தில்’ என்று ரசிகனை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவன் ஒரு வருடம் அந்தக் கடனை நினைவில் வைத்திருந்து 2022 அக்டோபரில் வசூலிக்க வந்தான். முன்னோட்டமும் லோரியும் மைக்கேலும் சமையலறையில் கட்டிப்புரளும் காட்சியைத்தான் முன்னால் காட்டியது. பெயரே ‘எண்ட்ஸ்’. முடிகிறது என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள்.

உள்ளே போனால் கோரி கன்னிங்ஹாம் என்று ஒரு புதுப் பையன்.

பழைய படங்களிலிருந்து எடுத்துப் போடும் துண்டுக் காட்சிகளை விட்டுவிட்டால், ஏறக்குறைய முதல் 40 நிமிடத்துக்கு மைக்கேல் வருவதே இல்லை. வரும்போதும் ஊருக்கு வெளியே ஒரு பாலத்தடிச் சாக்கடைக் குழாய்க்குள், அடிபட்ட மிருகம் மாதிரி ஒடுங்கிக் கிடக்கிறான். ஆறு வயதில் 1963இல் முதல் கொலை செய்தவன் என்றால் இப்போது அறுபதைத் தாண்டிவிட்டான். நியாயமான கணக்குதான். ஆனால் நியாயமான மைக்கேலைப் பார்க்க யார் டிக்கெட் எடுத்தார்கள்?

எண்களும் இதைத்தான் சொல்கின்றன. அமெரிக்காவில் சினிமாஸ்கோர் என்று ஒரு நிறுவனம் முதல் நாள் திரையரங்கை விட்டு வெளியே வருபவர்களிடம் மதிப்பெண் வாங்கும். 2018 படத்துக்கு பி பிளஸ், ‘கில்ஸ்’ படத்துக்கு பி மைனஸ், ‘எண்ட்ஸ்’ படத்துக்கு சி பிளஸ். மூன்று படியாக இறங்கி வந்த மாதிரி இருக்கிறது. முதல் வார இறுதியில் அமெரிக்காவில் சுமார் 4 கோடி டாலர் வசூல், இரண்டாவது வார இறுதியில் அதில் 80 சதவீதம் காணாமல் போனது. படம் அதே நாளில் பீகாக் தளத்தில் வீட்டுக்கே வந்துவிட்டதும் ஒரு காரணம், அதை மறுக்கவில்லை. ஆனால் ‘கில்ஸ்’ படமும் அப்படித்தான் வெளியானது, அதற்கு இவ்வளவு பெரிய சரிவு இல்லை. வாய்வழிச் செய்தி வேலை செய்திருக்கிறது.

இந்த மதிப்பெண்ணைப் படிக்கும்போது ஒன்றை மறக்கக்கூடாது. பேய்ப்படத்துக்கு முதல் நாளே ஓடி வருபவன் தொடரின் தீவிர ரசிகன். அவன்தான் ஏமாற்றத்துக்கு மிக அருகில் நிற்பவன். ஒரு வருடம் கழித்து, எதிர்பார்ப்பு எதுவும் இல்லாமல், ஞாயிற்றுக்கிழமை மதியம் சோபாவில் சாய்ந்துகொண்டு பார்ப்பவரின் மதிப்பெண் இந்தக் கணக்கில் வராது. இந்தப் படத்தைப் பிடித்தது என்று எழுதியவர்களைக் கவனித்தால், பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை ஆட்கள், அல்லது இரண்டாவது முறை பார்த்தவர்கள்.

சரி, திட்டுபவர்கள் சொல்வதில் எவ்வளவு நியாயம் இருக்கிறது?

மைக்கேல் இல்லை என்ற புகார் உண்மை. ஆனால் அதைக் குறை என்று நான் எண்ண மாட்டேன், ஏமாற்று என்பேன். பிரியாணி என்று பலகை வைத்துவிட்டு உள்ளே நல்ல சாம்பார் சாதம் போட்டால் சமையல்காரரைப் பாராட்ட முடியுமா? சாம்பார் சாதத்தின் மீது தப்பில்லை, பலகை எழுதியவர் மீது தப்பு. கோரியை விளம்பரத்தில் ஒளித்து வைத்ததுதான் இந்தப் படத்துக்கு நேர்ந்த முதல் கேடு.

அடுத்த புகார் லோரியைப் பற்றியது. நாற்பது வருடம் ஒரு கொலைகாரனுக்காகக் கோட்டை கட்டிக் காத்திருந்தவர், அவன் கையால் மகளையே இழந்த பிறகு, நான்கு வருடத்தில் ஊருக்குள் அழகான வீடு வாங்கி, பூசணிக்காய்ப் பை சுட்டு, நினைவுக் குறிப்பு எழுதிக்கொண்டு, பழைய போலீஸ்காரரிடம் கடையில் வெட்கத்தோடு பேசுகிறார். அவன் இன்னும் பிடிபடவில்லை! பலருக்கு இது தொண்டையில் இறங்கவில்லை. படத்துக்காக வாதாடுபவர்கள், ஒளிந்து வாழ்ந்தும் பயனில்லை என்று தெரிந்ததால் வாழ்ந்துதான் பார்ப்போமே என்று முடிவெடுத்துவிட்டார் என்கிறார்கள். அது நல்ல கதைதான். ஆனால் அந்த மாற்றம் நடந்த நான்கு வருடத்தைப் படம் காட்டவில்லை. குரலில் இரண்டு வரி சொல்லிக் கடந்துவிடுகிறது. இதில் நான் திட்டுபவர்கள் பக்கம்.

அலிசன், கோரி காதலும் அப்படித்தான். லோரியின் பேத்தி அலிசன் அப்பா, அம்மா, நண்பர்கள் எல்லோரையும் ஒரே இரவில் இழந்தவள். அவள் ஒரு பையனைப் பார்த்த ஓரிரு நாளிலேயே, இந்த ஊரையே கொளுத்திவிட்டு உன்னோடு வருகிறேன் என்கிற அளவுக்குப் போய்விடுகிறாள். இருவருமே ஊரால் ஒதுக்கப்பட்டவர்கள் என்ற இழை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இழையை நெய்யாமல் முடிச்சு மட்டும் போட்டால் அவிழ்ந்துதான் போகும்.

இனி பிடித்தவர்கள் எதைப் பிடித்துக்கொண்டு பேசுகிறார்கள் என்று பார்ப்போம். அவர்கள் முதலில் சொல்வது தொடக்கக் காட்சியை. அதற்கு எதிரிகளே கிடையாது என்று நினைக்கிறேன். திட்டுபவர்கள்கூட, ‘அந்த முதல் பத்து நிமிடத்தை விட்டால்’ என்றுதான் ஆரம்பிக்கிறார்கள்.

2019, ஹாலோவீன் இரவு. பெரிய வீடு. அப்பா அம்மா விருந்துக்குப் போகிறார்கள். ஜெரமி என்ற சிறுவனைப் பார்த்துக்கொள்ளக் கோரி வந்திருக்கிறான். இருவரும் தொலைக்காட்சியில் ‘தி திங்’ பார்க்கிறார்கள். 1978 படத்தில் லோரி பார்த்துக்கொள்ளும் குழந்தைகள் தொலைக்காட்சியில் பார்ப்பது 1951இல் வந்த வேற்றுக்கிரக ஜந்துப் படம் ஒன்று. அதே கதையைத்தான் கார்பென்டர் 1982இல் ‘தி திங்’ என்று மறுபடி எடுத்தார். ஒரு ஜந்து மனிதனுக்குள் புகுந்து அவன் உருவத்தையே எடுத்துக்கொள்ளும் கதை. இனிமேல் இந்தப் படத்தில் என்ன நடக்கப்போகிறது என்பதை இயக்குநர் தொலைக்காட்சிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

பிறகு ஜெரமியைக் காணவில்லை. சமையலறைக் கத்தியையும் காணவில்லை. நாம் எல்லோரும் மைக்கேல் வந்துவிட்டான் என்று நிமிர்ந்து உட்காருகிறோம். கோரி மாடி மாடியாகத் தேடி ஏறி, உச்சியில் இருக்கும் பரண் அறைக்குள் போனதும் வெளியே தாழ்ப்பாள் விழுகிறது. சிறுவனின் குறும்பு. சிரிக்கிறான், வம்பு இழுக்கிறான். உள்ளே மாட்டியவனுக்குப் பயம் கோபமாகிறது. கதவை உதைக்கிறான், மறுபடி உதைக்கிறான். கீழே வாசல் கதவு திறந்து பெற்றோர் உள்ளே வரும் அதே நொடியில் பரண் கதவு படாரென்று திறக்க, அதன் மறுபக்கம் நின்ற சிறுவன் கைப்பிடிச் சுவரைத் தாண்டி, படிக்கட்டு நடுவே உள்ள வெற்றிடத்தில் விழுந்து, அம்மாவின் காலடியில் வந்து சேர்கிறான். மேலிருந்து எட்டிப் பார்க்கும் கோரியின் கையில், தேடும்போது பயத்தில் எடுத்துக்கொண்ட கத்தி.

மைக்கேல் வரவே இல்லை. ஆனால் அவன் பெயரால் ஊரில் ஊறிய பயம் ஒரு குழந்தையைக் கொன்றுவிட்டது. நீதிமன்றம் விபத்து என்று விட்டுவிடுகிறது, ஊர் விடவில்லை. எங்கே போனாலும் கோரி ‘பிள்ளையைக் கொன்றவன்’. லோரிக்கும் அதே கதிதான். கடைக்கு வெளியே ஒரு பெண் அவரை மறித்து, நீதான் அவனைச் சீண்டிவிட்டாய், உன்னால்தான் என் குடும்பத்துக்கு இந்த நிலை என்கிறாள். கொலைகாரன் கண்ணில் படாத நான்கு வருடம் அந்த ஊர் தனக்குத் தேவையான கொலைகாரனைத் தானே தயார் செய்துகொள்கிறது. அவனைத்தான் ஒரு நாள் பாலத்திலிருந்து தள்ளி, மைக்கேல் கிடக்கும் சாக்கடை வாயில் கொண்டுபோய்ப் போடுகிறார்கள். மைக்கேல் அவன் கழுத்தைப் பிடிக்கிறான், கண்ணைப் பார்க்கிறான், விட்டுவிடுகிறான். விட்டது இரக்கமா, அடையாளம் கண்டுகொண்டதா, எதையாவது உள்ளே ஏற்றி அனுப்பினானா என்று படம் சொல்லாது. எனக்கு அந்தச் சொல்லாமை பிடித்தது. நாற்பது வருடமாகக் காரணம் காரணம் என்று எதையாவது ஒட்டவைத்த தொடரில், 1978 படத்தின் வெற்றிடம் கொஞ்ச நேரத்துக்காவது திரும்பி வந்தது.

கார்பென்டர் ரசிகர்கள் இன்னொன்றையும் பிடித்துவிட்டார்கள். அவர் 1983இல் எடுத்த ‘கிறிஸ்டின்’ படத்தில் எல்லோரிடமும் அடி வாங்கும் ஒரு பையன் ஒரு பேய்க் காரை வாங்கி, மெல்ல மெல்ல வேறு ஆளாகிறான். அவன் பெயர் ஆர்னி கன்னிங்ஹாம். இங்கே கோரி கன்னிங்ஹாம். காருக்குப் பதில் முகமூடி. இது தெரிந்து பார்ப்பவருக்குப் படம் அந்த நொடியே வேறு வகையில் பிடித்துப்போகிறது, தெரியாதவருக்கு ‘யார்ரா இவன்’தான். படம் தன் ரசிகர்களில் ஒரு சின்னக் கூட்டத்துக்கு மட்டும் கண்ணடித்துவிட்டு, பெரிய கூட்டத்தை வெளியே நிறுத்திவிட்டது.

இதைவிட முக்கியமான சாடை தலைப்பு எழுத்து. ‘ஹாலோவீன் எண்ட்ஸ்’ என்ற பெயர் நீல நிறத்தில், 1982இல் வந்த மூன்றாம் பாகத்தின் எழுத்து வடிவத்தில் வரும். விஷயம் தெரிந்தவர்கள் அந்த இடத்திலேயே உஷாராகியிருக்க வேண்டும். ஏனென்றால் மூன்றாம் பாகத்தில் மைக்கேலே கிடையாது.

ஒவ்வொரு வருடமும் ஹாலோவீனுக்கு வேறு வேறு கதை சொல்லலாம் என்று கார்பென்டரும் தயாரிப்பாளர் டெப்ரா ஹில்லும் நினைத்தார்கள். டாமி லீ வாலஸ் இயக்கினார். முதல் படத்தில் அந்த முகமூடிக்கு வெள்ளை பூசியவரே அவர்தான். பிள்ளைகள் போடும் முகமூடிகளை வைத்து நாட்டுப் பிள்ளைகளையே கொல்லப் பார்க்கும் ஒரு முதலாளியின் கதை. ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். ஆறு வருடம் கழித்து வந்த நான்காம் பாகத்துக்கு ‘மைக்கேல் மையர்ஸ் திரும்பி வருகிறான்’ என்று தலைப்பிலேயே சத்தியம் செய்துகொடுக்க வேண்டியதாயிற்று. ஆனால் இன்று அந்த மூன்றாம் பாகத்துக்குத் தனிப் பக்தர் கூட்டமே இருக்கிறது. அதில் வரும் விளம்பரப் பாட்டை ஒருமுறை கேட்டால் இரண்டு நாளைக்குத் தலையை விட்டுப் போகாது.

இன்னொரு முறையும் முயன்றார்கள். 1988இல் வந்த அந்த நான்காம் பாகத்தின் முடிவில், மைக்கேலின் தங்கை மகளான சின்னப் பெண் ஜேமி கோமாளி உடையில், ரத்தம் தோய்ந்த கத்தரிக்கோலோடு படியின் மேலே நிற்பாள். மைக்கேல் போய்விட்டான், இனி இவள் என்று அர்த்தம். எனக்குத் தெரிந்து இந்தத் தொடரின் ஆகச் சிறந்த கடைசிக் காட்சிகளில் ஒன்று. அடுத்த வருடமே ஐந்தாம் பாகம் வந்து அதை அழித்துவிட்டது. அவள் கொலைகாரி எல்லாம் ஆகவில்லை, பாவம் பேச்சு நின்றுவிட்டது என்றார்கள். பக்கத்து வீட்டிலும் இதே கதைதான். ‘ஃப்ரைடே தி தர்ட்டீன்த்’ தொடரின் ஐந்தாம் பாகத்தில், 1985இல், முகமூடிக்குள் இருப்பது வழக்கமான கொலைகாரன் ஜேசன் இல்லை, வேறு ஒருவன் என்று முடித்தார்கள். வந்த வசைக்கு அடுத்த வருடமே ஜேசனைச் சமாதியிலிருந்து தோண்டி எடுத்து, மின்னல் அடிக்க வைத்து எழுப்பினார்கள்.

ஆக, முகமூடிக்கு வாரிசு தேடும் வேலை புதிதில்லை. ஸ்லாஷர், அதாவது ஒரு கொலைகாரன் ஒவ்வொருவராகக் குத்திக் கொல்லும் படத்தொடர், வயதாகும்போதெல்லாம் எழுத்தாளர்கள் இதற்குத்தான் வருகிறார்கள். ஒரே ஆள் ஒரே மாதிரி குத்துவதை எத்தனை முறை எழுத முடியும்? அவர்களுக்கு அலுத்துவிடுகிறது. ரசிகனுக்கு அலுக்கவில்லை. கோயில் திருவிழாவில் அதே சாமி அதே தேரில் அதே வீதியில் வர வேண்டும் என்று நிற்பவனிடம், இந்த வருடம் வேறு சாமி என்றால் சும்மா இருப்பானா? ‘எண்ட்ஸ்’ படத்துக்குக் கிடைத்த திட்டில் பாதி, 1982இல் மூன்றாம் பாகம் வாங்கிய திட்டு.

மீதிப் பாதி படம் தானாகத் தேடிக்கொண்டது. அதற்குக் கடைசி அரை மணி நேரத்துக்கு வர வேண்டும்.

கோரி மைக்கேலிடமிருந்தே முகமூடியைப் பிடுங்கிக்கொண்டு போய், தன்னை வதைத்தவர்களை ஒவ்வொருவராகத் தீர்க்கிறான். பிறகு லோரியின் வீட்டுக்கு வருகிறான். லோரி அவனைச் சுட்டு மாடிப்படியில் உருட்டிவிடுகிறார். அலிசன் வந்து சேரும் நேரம் பார்த்து, அவன் தன் கழுத்தில் தானே கத்தியை இறக்கிக்கொள்கிறான், பழி பாட்டி மேல் விழட்டும் என்று. பயங்கரமான யோசனை. இந்தப் படம் எங்கேயோ போகப்போகிறது என்று அப்போது தோன்றும். பேத்தி பாட்டியை வெறுத்து வெளியேறுகிறாள். அடுத்த நிமிடம் மைக்கேல் உள்ளே நடந்து வந்து, இன்னும் உயிர் ஒட்டிக்கொண்டிருக்கும் கோரியின் கழுத்தைத் திருகிப் போட்டுவிட்டு, முகமூடியை எடுத்து மாட்டிக்கொள்கிறான். முன்னோட்டத்தில் காட்டிய சமையலறைச் சண்டை ஆரம்பம்.

ஒன்றரை மணி நேரம் வளர்த்த பையனை, முக்கிய விருந்தாளி வந்ததும் நாற்காலியை விட்டு எழுப்பிவிட்ட மாதிரி இருக்கிறது. கோரியைச் சகித்துக்கொண்டவர்களுக்கு, ‘இதற்கா இவ்வளவு நேரம்?’ கோரியை ரசித்தவர்களுக்கும் அதே கேள்வி. என் தீர்ப்பு இதுதான்: கோரியைக் கொண்டு வந்தது இந்தப் படத்தின் தவறே இல்லை, அவனைக் கடைசிவரை கொண்டுபோகாததுதான் தவறு. முகமூடியை அவனிடமே விட்டு, லோரி எதிரே நிற்க வேண்டியது கோரிதான் என்று முடித்திருந்தால் இன்னும் அதிகமாகத் திட்டு வாங்கியிருக்கும், ஆனால் 2040இல் மூன்றாம் பாகத்துக்கு இருப்பதுபோல் ஒரு கூட்டம் கட்டாயம் இருந்திருக்கும். இப்போதும் ஒரு கூட்டம் சேர்ந்துகொண்டுதான் இருக்கிறது. அவர்களிடம் பேசினால், படத்தின் கடைசி அரை மணி நேரத்துக்கு வக்காலத்து வாங்க மாட்டார்கள்.

சண்டை எப்படி என்று கேட்டால், நன்றாகவே இருக்கிறது. அறுபதைத் தாண்டிய இருவர் சண்டை போடுகிற கனத்தோடு இருக்கிறது. கத்திகளால் அவன் கைகளை மேசையோடு அறைந்து, குளிர்பதனப் பெட்டியைக் காலின் மேல் சாய்த்து, முகமூடியைக் கழற்றிப் பார்த்து, லோரி அவன் கழுத்தை அறுக்கிறார். அலிசனும் வந்து சேர்கிறாள். மணிக்கட்டையும் அறுத்து ரத்தம் வடியவிடுகிறார்கள்.

அதோடு நிற்கவில்லை. பிணத்தைக் காரின் மேல் கட்டி, போலீஸ் முன்னே போக, ஊரே பின்னால் ஊர்வலமாக வந்து, கோரி வேலை பார்த்த அதே இரும்புக் கிடங்குக்குக் கொண்டுபோகிறார்கள். கார் உலோகத்தையே துண்டாக்கும் ராட்சத அரவை இயந்திரம். எல்லோரும் சுற்றி நின்று பார்க்க, லோரி பிணத்தை உள்ளே தள்ளுகிறார். பலருக்கு இது அசிங்கமாக, தேவையில்லாத கூத்தாகத் தெரிந்தது. ஆனால் இந்தத் தொடரை முழுக்கப் பார்த்தவனுக்குத் தெரியும் அது ஏன் என்று. 1998இல் வந்த ‘எச் 20’ படத்தில் லோரி கோடாரியால் மைக்கேலின் தலையை ஒரே வெட்டில் எடுத்தார். கைதட்டி வீட்டுக்குப் போனோம். 2002இல் வந்த அடுத்த படம், அது மைக்கேலே இல்லை, குரல்வளை நசுக்கப்பட்டு முகமூடி மாட்டிவிடப்பட்ட ஓர் ஆம்புலன்ஸ் ஊழியர் என்றது. லோரியையும் ஆரம்பத்திலேயே கொன்றது. அந்தத் துரோகத்தை நேரில் அனுபவித்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள், நானும் ஒருவன். அவர்களுக்கு எழுதிக்கொடுத்த ரசீது அந்த இயந்திரம். இந்த முறை முகத்தைக் காட்டிவிட்டோம், ஊரையே சாட்சிக்கு அழைத்துவிட்டோம், துண்டு துண்டாக அரைத்தும் விட்டோம், போதுமா என்று.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், யார் பேச்சை நம்புவது. 2018 படத்தையும் ‘கில்ஸ்’ படத்தையும் அடுத்தடுத்த இரவு பார்த்துவிட்டு மூன்றாவது இரவு இதைப் போட்டால், நீங்கள் திட்டும் கூட்டத்தில்தான் சேர்வீர்கள், எனக்குச் சந்தேகமே இல்லை. 1978 படத்தை மட்டும் பாருங்கள், முடிந்தால் ‘கிறிஸ்டின்’ பாருங்கள், பிறகு ஒரு வாரம் விட்டு இதைப் பாருங்கள். மைக்கேல் ஒரு ஓரத்தில் கிடக்கும் கோரியின் கதை என்று நினைத்துக்கொண்டு உட்காருங்கள். முதல் ஒன்றரை மணி நேரம் உங்களுக்குப் பிடிக்க வாய்ப்பு அதிகம். கடைசி அரை மணி நேரத்தை வேறு ஒரு படம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் சித்தி மகன் போன வருடம் மறுபடி பார்த்திருக்கிறான், இந்த முறை தனியாக. போனில் கூப்பிட்டு, “அந்தக் கோரிப் பையன் பாவம் அண்ணே” என்றான். அப்புறம், “ஆனா மெஷின்ல போட்டது நெசமாவே மைக்கேல்தானே? ஆம்புலன்ஸ் ஆளு இல்லையே?” என்று கேட்டான். படம் முடியும்போது லோரியின் வீட்டு மேசைமேல் முகமூடி மட்டும் முழுசாகக் கிடக்கிறதே, அதைக் கவனித்தாயா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் அவன் பேசவில்லை.